அப்பாவின் குரல் பூட்டிக்கிடந்த நாள்

அத்தியாயம் 11

அம்மாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு வந்திருந்தோம், நினைவிருக்கும். சர்க்கரை முதலில் அவள் கண்ணைப் பறித்தது. இப்போது வலது காலில் கை வைத்துவிட்டது. பாதம் கறுத்து, விரல்களில் உணர்ச்சி போய், காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"அவர் வரட்டும். என் பக்கத்துல உட்காந்து, அவர் குரல்ல சொல்லட்டும். அப்புறம் எங்க கைநாட்டு வைக்கணுமோ வைக்கிறேன். உங்க வாயிலேருந்து வர்றது எனக்கு வேண்டாம்."

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கண் ஆபரேஷன் கெட்டுப்போனபோது, "கட்டைப் பிரிச்சா சரியாயிடும்மா" என்று பிள்ளைகள் இரண்டும் வாய் கூசாமல் புளுகினார்கள். "இனிமே தெரியாது, நான் இருக்கேன்" என்று உண்மையைச் சொன்னவர் அப்பா ஒருவர்தான். அது அவருக்குத் தொண்டை இருந்த காலம்.

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். தெருவில் அவருக்குப் பெயரே 'மைக்'. எவ்வளவு தாமதமாக வரும் பஸ்ஸானாலும் அந்தக் குரல் சொல்லிவிட்டால் ஜனங்கள் முணுமுணுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஆளைப் பார்க்கும் முன்பே குரலைக் கேட்டு மயங்கிக் கட்டிக்கொண்டவள்.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுக்கும் முன், அப்பா வாரக்கணக்கில் அறையைச் சாத்திக்கொண்டு வாக்கியம் வாக்கியமாக வாசித்துப் பதிவு செய்தார். இப்போது லேப்டாப்பில் அவர் எதைத் தட்டினாலும் அது அவர் குரலிலேயே பேசும். என்ன ஒன்று, எல்லாமே பஸ் அறிவிப்பு மாதிரி இருக்கும். "என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாயா?" என்று கேட்டால்கூட, அடுத்து எந்த நடைமேடை என்று சொல்லப்போகிறாரோ என்று தோன்றும். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். கண் இல்லாதவளும் குரல் இல்லாதவரும் குடித்தனம் நடத்த அந்தக் கறுப்புப் பெட்டி ஒன்றுதான் துணை.

அந்தப் பெட்டிதான் இன்று காலை திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குதே!" என்றான் பெரியவன்.

பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எது நின்றுபோனாலும் அணைத்துவிட்டுப் போட்டால் ஓடும் என்பது அவன் கொள்கை. அணைத்தான், போட்டான். மறுபடி அணைத்தான், போட்டான். திரை அதையே சொன்னது: முகம் தெரியவில்லை. ரகசிய எண்ணைப் போடவும்.

"முகமா? யாரு முகத்தை வச்சது? எல்லாருக்கும் தெரிஞ்ச பாஸ்வேர்ட் ஒண்ணு இருந்துச்சே, அது எங்க போச்சு?"

"கத்தாதே அண்ணா. அப்பாவைக் கேப்போம்" என்றாள் பாப்பா. தலையில் நரை எட்டிப் பார்த்தாலும் இந்த வீட்டில் பாப்பா பாப்பாதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அன்று அரை நாள் லீவு சொல்லியிருந்தாள்.

அப்பா மேசைக்குப் பக்கவாட்டில் நின்றபடி, கழுத்துத் துவாரத்தில் பொருத்தியிருந்த குழாயைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் போய் வரும், லேசான சீறலோடு. சிலேட்டை எடுத்து எழுதினார்: 'தெரியாது'.

பெரியவன் பிறந்த தேதிகளைப் போட்டுப் பார்த்தான். வீட்டு எண்ணைப் போட்டான். அப்பா வேலையில் சேர்ந்த வருஷத்தைப் போட்டான். கடைசியில் திரை கோபித்துக்கொண்டு, தவறான முயற்சிகள் அதிகம், பிறகு வரவும் என்று சொல்லிவிட்டது. அவசரத்துக்கு உதவப் பதிவு செய்திருந்த பெரியவனின் போன் நம்பரையும் யாரோ நீக்கியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டரம்மாவே பேசினார்.

"ராத்திரியிலேருந்து காய்ச்சல் ஏறிட்டே இருக்கு. கால்ல சிவப்பு எதுவரைக்கும் வந்திருக்குன்னு பேனாவால கோடு போட்டு வச்சிருக்கேன். இப்ப பண்ணா முழங்காலுக்குக் கீழேயே நிறுத்திடலாம். அந்தக் கோட்டைத் தாண்டிட்டா என் கையில இல்ல. அம்மா நல்ல நினைவோட இருக்காங்க, அவங்க சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

பாப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றி, அப்பாவின் போனை அவர் கையில் கொடுத்தாள். "இதுல எழுதுங்கப்பா. போனே படிச்சுச் சொல்லும்." அப்பா தயங்கித் தயங்கி ஏதோ எழுதினார். அம்மாவை அழைத்து அதைக் கேட்க வைத்தார்கள். யாரோ ஒரு பெண்ணின் இயந்திரக் குரல், 'எப்படி இருக்கிறாய், காய்ச்சல் விட்டதா' என்று வாசித்தது.

"இது யாரு?" என்றாள் அம்மா.

"அப்பா எழுதினதும்மா."

"எழுதினது யாருன்னு நான் எதை வச்சு நம்பறது? நம்ம வீட்டுல எல்லாருக்கும்தான் தட்டத் தெரியும்." போனை வைத்துவிட்டாள்.

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று பாப்பாவுக்கு விளங்கவில்லை. பெரியவன் மட்டும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, லேப்டாப்பைப் பையில் போட்டான். "வா, கடைக்குப் போகலாம்."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கழற்றிப்போட்ட பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தானா ஆனது இல்ல சார். யாரோ உட்காந்து செட்டிங்கை மாத்தியிருக்காங்க. பழைய பாஸ்வேர்டை எடுத்துட்டு, ஒரு ஆளோட முகத்தை வச்சிருக்காங்க. அந்த முகம் வரணும், இல்லேன்னா அவங்க போட்ட நம்பர் வேணும்."

"ரெண்டும் இல்லேன்னா?"

"மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தித் தரேன். சாயங்காலம் வாங்கிக்கலாம்."

"உள்ள இருக்கறது?"

"போயிடும். வேற எங்கேயாவது காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

யாரும் எடுத்து வைக்கவில்லை. இப்படித்தான் இருக்கிறது நம் கெட்டிக்காரத்தனம். வீட்டுச் சாவிக்கு நகல் வைத்திருப்போம், மனுஷன் குரலுக்கு வைத்திருக்க மாட்டோம்.

"அழிச்சுடுங்க. இந்த மாதிரி புரோகிராம் வேற எதையாவது போட்டுக்கலாம்" என்றான் பெரியவன்.

"உனக்குப் பைத்தியமா? அப்பா இனிமே எந்தத் தொண்டையை வச்சு மறுபடி பதிவு பண்ணுவார்?"

"அம்மா போயிட்டா அந்தக் குரல் யாருக்குடி? நாமளா கேக்கப்போறோம்? போன செவ்வாய்க்கிழமைகூட பாஸ்வேர்ட் போட்டதும் திறந்துச்சு, இப்ப வந்து..."

பெரியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பாப்பா விடவில்லை.

"செவ்வாய்க்கிழமை நீ எதுக்கு அதைத் திறந்தே?"

கடைக்காரர் நாகரிகம் தெரிந்தவர். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"அண்ணா, உன்னைத்தான் கேக்கறேன்."

"அவ ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேன்னு உட்காந்திருந்தா" என்றான் பெரியவன். "கால்லேருந்து நாத்தம் வருது. எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? கடைசியில ராத்திரி ஹால்ல உட்காந்து அப்பா மாதிரி நானே தட்டினேன். 'ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, அவங்க சொல்றதுக்கு ஒத்துக்கோ'ன்னு. மறுநாள் கிளம்பி வந்தா. நல்லதுக்குத்தானே பண்ணேன்?"

"அப்பா எங்க இருந்தார் அப்போ?"

"மொட்டை மாடியில இருக்கார்னு நினைச்சேன்."

நினைத்தான். ஆனால் அப்பா அம்மாவின் பக்கத்தில், அதே கட்டிலில், கண்ணயர்ந்து படுத்திருந்தார். கழுத்துத் துவாரத்தின் சீறல் அம்மாவின் காதருகே கேட்டுக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் ஹாலிலிருந்து புருஷனின் குரல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னது. எத்தனையோ வருஷம் ஆயிரம் குரல்களைக் காதில் வாங்கிய அவளுக்கு விஷயம் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அவர் விழித்ததும், பதில் எழுத வழியில்லாத அந்த இருட்டிலேயே அவர் காதில் சொன்னாள்: "உங்க குரலை வேற யாரோ எடுத்துப் பேசறாங்க." மறுநாள் அவள் கிளம்பியது பிள்ளைகளின் தொந்தரவு தாங்காமல்தான், அந்தக் குரலை நம்பி இல்லை.

இதெல்லாம் பாப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவளுக்கு அண்ணனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. கடைக்காரர் திரும்பி வந்தார்.

"உங்க ரெண்டு பேர் முகமும் காட்டியாச்சு. வீட்ல வேற யாரு?"

"அப்பா இருக்கார். ஆனா காலையில அவர் முன்னாடிதான் திறந்தோம், திறக்கலையே" என்றான் பெரியவன்.

"முன்னாடின்னா? நேருக்கு நேரா பார்த்தாரா? கண்ணைத் திறந்து நேரா பார்க்கணும், அப்பதான் எடுத்துக்கும்."

நேராகப் பார்ப்பது. பாப்பா நாள் முழுக்கக் கடையில் சொல்கிற வார்த்தை அதுதான். அளவெடுக்கும்போது வாடிக்கையாளர்களைக் கெஞ்ச வேண்டியிருக்கும். யார் பார்க்கிறார்கள், யார் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. காலையில் நடந்ததை மனதில் ஓட்டிப் பார்த்தாள். பெரியவன் மூடியைத் திறந்தபோது அப்பா பக்கவாட்டில் நின்றார். திருப்பி வைத்தபோது குனிந்து துணியைத் தேடினார். இன்னொரு முறை, தூசி துடைப்பதுபோலத் திரையின் உச்சியிலிருந்த கேமராவைத் துணியால் மூடித் துடைத்தார். ஒரு தடவைகூட அதற்கு முகம் கொடுக்கவில்லை. பாப்பா லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அப்பா வெளியே கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பாப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். லேப்டாப்பை அவர் முன்னால் வைத்துத் திறந்தாள்.

"அப்பா, நேரா பாருங்க."

அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

பெரியவன் வாயைப் பிளந்து நின்றான். காலையிலிருந்து அலைந்தது, எண்ணெண்ணாகப் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டது, அழிக்கலாமா வேண்டாமா என்று சண்டை போட்டது எல்லாம் அந்த ஒரு நொடியில் அவனுக்கு விளங்கிவிட்டது. "அப்பா, நீங்களா? ஏன்?" என்றான். அவன் குரல் உயர்ந்தது. "அவ செத்துப்போயிடுவாப்பா!"

"நீ சும்மா இரு அண்ணா."

பாப்பா அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். அவரைத் தொடவில்லை. கழுத்திலிருந்து வந்த சீறல் வேகமாகிக்கொண்டே போனது. மூடிய இமைகளிலிருந்து கண்ணீர் இறங்கியது. பாப்பாவும் அழுதாள்.

"காய்ச்சல் ஏறுதுப்பா. கோட்டைத் தாண்டிட்டா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கண்ணைத் திறங்கப்பா."

அவர் திறந்தார். திரையும் திறந்துகொண்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

அப்பா விரல்களை விசைகளின் மேல் வைத்தார். பிறகு அந்தக் கணீர்க் குரல், பயணிகளின் கவனத்துக்குச் சொல்வதுபோல, அறையில் ஒலித்தது.

"கண் ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். நான் சொன்னதால் ஒத்துக்கொண்டாள். இருந்த பார்வையும் போயிற்று. இப்போது காலையும் வெட்டிக்கொள் என்று நானே சொல்ல வேண்டுமா?"

அப்பா மறுபடி தட்டினார்.

"முதலில் பெரியவன் கை வைக்கக் கூடாது என்றுதான் பூட்டினேன். பிறகு, பூட்டியே இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது."

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். மனிதர் என்ன செய்வார் சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்கத் தன் குரலை நம்பச் சொல்லிப் பழகியவர், அந்தக் குரலுக்கே பயந்துபோய் அதைப் பூட்டி வைத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. ஆனாலும் முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வார்டில் விளக்கு போட்டிருந்தார்கள். அம்மா உதடு வறண்டு கிடந்தாள். மூவரின் காலடியும் வாசலில் கேட்டதுமே தலையைத் திருப்பினாள்.

"வந்துட்டீங்களா? எவ்வளவு நேரம்! இப்படி உட்காருங்க."

அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தார். அம்மா கையை நீட்டித் துழாவி, விசைகளின் மேலிருந்த அவர் கையைக் கண்டுபிடித்து அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"இப்படியே தட்டுங்க. தட்டறது யாருன்னு எனக்குத் தெரியணும்."

பெரியவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அம்மா அவன் பெயரை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பாவின் விரல்கள் அசைந்தன. அவற்றோடு அம்மாவின் கையும் அசைந்தது.

"வெட்டிக்கொள்ள ஒத்துக்கொள். எனக்கு நீ வேண்டும்."

அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "சரி. நீங்க சொன்னா சரி. டாக்டரைக் கூப்பிடுங்க, எங்க வைக்கணுமோ வைக்கிறேன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்கப் பாப்பாவால் முடியவில்லை.

நர்ஸ் மையையும் தாளையும் எடுத்து வந்தாள். பின்னாலேயே வந்த டாக்டரம்மா, முதலில் காலைப் பார்த்துவிடலாம் என்று போர்வையை விலக்கினார். காலையில் அவர் போட்ட நீலக்கோடு அங்கேயே இருந்தது. சிவப்பு அதைத் தாண்டி, கெண்டைக்காலைத் தாண்டி, முழங்கால்வரை ஏறியிருந்தது. தோல் அங்கங்கே கருநீலமாகிவிட்டிருந்தது.

"என்ன, எல்லாரும் வாயடைச்சுப்போய் நிக்கறீங்க?" என்றாள் அம்மா.

டாக்டரம்மா ஒளிக்கவில்லை. "அம்மா, கீழே நிறுத்த முடியாது. தொடையிலதான் எடுத்தாகணும். இந்தத் தாள் செல்லாது, வேற தாள் எழுதணும். நீங்க புதுசா சம்மதம் சொல்லணும்."

"முட்டி போயிடுமா?"

"ஆமாம்மா."

"முட்டி இருந்தா கட்டைக்கால் வச்சு நடக்கலாம்னு நேத்து சொன்னீங்களே?"

"முட்டி இருந்தா சுலபம். இல்லேன்னா ரொம்பக் கஷ்டம். கண்ணும் இல்லாம..." டாக்டரம்மா அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"காலையிலேயே நான் சரின்னு சொல்லியிருந்தா?"

"முட்டி தப்பிச்சிருக்கும்."

அம்மா இதை மெல்ல உள்வாங்கிக்கொண்டாள். காய்ச்சலில் அவள் மூச்சு வாங்கியது. "காலையிலேருந்து நான் கேட்டுட்டுத்தானே இருக்கேன்? அவர் வந்து சொல்லட்டும்னு. ஏன் இவ்வளவு நேரமாச்சு?"

பெரியவன் முந்திக்கொண்டான். "லேப்டாப் திறக்கலம்மா. ஏதோ செட்டிங் மாறிப்போய்ப் பூட்டிக்கிச்சு. கடைக்கெல்லாம் தூக்கிட்டுப் போய் அலைஞ்சோம்."

"யாரு மாத்தினது?"

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். பெரியவன் வாயைத் திறந்தான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத்தான் போகிறான் என்று பாப்பாவுக்குப் புரிந்தது. அவனைத் தடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்த ஒரு பொய்யாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

அதற்குள் அம்மாவின் உள்ளங்கைக்கு அடியில் விரல்கள் அசைந்தன. ஓரிரு எழுத்துகள்தான். தட்டி முடித்த பிறகும் அப்பா பேச வைக்கும் விசையை அழுத்தாமல் காத்திருந்தார். பிறகு அழுத்தினார்.

"நான்தான்" என்றது அந்தக் குரல். தெளிவாக, கணீரென்று, வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி.

அம்மாவின் கை அவர் கைமேல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா புதிய தாளோடு நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் மைப்பெட்டியைத் திறந்து கட்டிலருகே நீட்டினாள். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போர்வைக்குள் போன கை வெளியே வரவில்லை.